காவலூரில் தூங்கிய இரவு

(ஜமுனாமரத்தூரில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மூளையைப் பற்றிப் பேச ஒரு பொறியாளனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். தகுதி ஒன்றும் இல்லை. நினைவை நம்பி ஏமாந்தவன், அவ்வளவுதான்.

2008 பிப்ரவரி. மூன்றாம் ஆண்டில் இதே ஜவ்வாது மலைக்குச் சுற்றுலா வந்தோம். பீமன் மடுவு அருவியில் குளியல், ராத்திரி காவலூர் வானாய்வகம். 1986 முதல் வைணு பாப்பு பெயரைத் தாங்கி நிற்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியை வெளியே நின்று வியந்தோம். மாணவர்களுக்குக் காட்டியது சிறிய தொலைநோக்கிதான். ஆனாலும் அன்று சனிக்கோளின் வளையம் தெரிந்ததாம். நான் பார்க்கவில்லை, வேனில் தூங்கிக்கொண்டிருந்தேன். "மறக்காம எழுப்புடா" என்று சொல்லியும் என் அறைத்தோழன் எழுப்பவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் மனசில் வைத்திருந்த கணக்கு இது. அவன் கல்யாணத்துக்குக்கூட நான் போகவில்லை.

இப்போது மூளைக்கு வருவோம். சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். நினைவு என்பது ஒரு செல்லுக்குள் வைத்துப் பூட்டிய பொருள் அல்ல. செல்களுக்கு இடையே உள்ள இணைப்புகள் வலுப்படுவதுதான் நினைவு. அப்படி இணைப்பு வலுத்து நீடிப்பதை பிளிஸ், லோமோ இருவரும் முயலின் மூளையில் கண்டு 1973-இல் வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த பகுதியின் பெயர் ஹிப்போகாம்பஸ், அதாவது கடல்குதிரை. உருவம் அப்படி! 1953-இல் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு, வலிப்பு நோய்க்காக இருபுறமும் அதில் பெரும்பகுதியை அகற்றினார்கள். சின்ன வயசு விஷயங்கள் நினைவில் இருந்தன. ஆனால் பேசிக்கொண்டிருந்த டாக்டர் வெளியே போய்த் திரும்பி வந்தால், அவருக்கு அவர் புது ஆள். ஆக, நினைவை உருவாக்கும் இடம் ஒன்று. நாளடைவில் அது போய்த் தங்கும் இடம் மூளைப்புறணி. இந்த இடமாற்றத்தில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பரீட்சைக்கு முதல் நாள் விடிய விடியக் கண்விழிக்கும் தம்பி தங்கைகள் இதைக் கவனிக்கவும். (நான் கவனித்ததில்லை.)

அடுத்ததுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. கம்ப்யூட்டரில் டீ-ரேம் படித்தவர்களுக்குத் தெரியும்: படித்தால் அதிலுள்ள மின்னூட்டம் கலைந்துவிடும், உடனே திரும்ப எழுதியாக வேண்டும். கிட்டத்தட்ட அதுபோல ஒன்றை 2000-இல் கரீம் நாதர் குழுவினர் எலிகளிடம் கண்டார்கள். பழைய பய நினைவைத் தூண்டிவிட்டு, உடனே மூளையில் புரதம் உருவாவதைத் தடுத்தால், அந்த நினைவே மங்கிவிடுகிறது. நினைவுகூரும்போது நினைவு இளகுகிறது, மறுபடி கெட்டிப்பட வேண்டியிருக்கிறது. மெமரி சிப் படித்ததை அப்படியே எழுதும். நாம் அப்படியா?

போன மாதம் இந்த மலருக்காகப் பழைய பெட்டியைக் கிளறினேன். அந்தச் சுற்றுலாவுக்கு நான்தான் பொருளாளர், செலவு நோட்டு கிடைத்தது. மறுநாள் தேதியிட்டு என் கையெழுத்தில்: "காய்ச்சல். மாத்திரை 12 ரூபாய், அவன் கொடுத்தான், திருப்பித் தரணும். சனி பார்க்க எழுப்பினான். முடியல. போகச் சொன்னேன்."

நாலு தடவை படித்தேன். காய்ச்சல் மயக்கத்தில் அந்த ஒரு நிமிஷம் சரியாகப் பதியவில்லை போலும். பிறகு ஹாஸ்டலில் ஒவ்வொரு முறை கதை சொன்னபோதும் காலியிடத்தை நானே நிரப்பியிருக்கிறேன், அவன் தலையில் பழியைப் போட்டு.

பக்கத்தைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் பதிலில்லை. பிறகு போனே வந்தது. எழுப்பியது அவனுக்கும் சுத்தமாக நினைவில்லையாம். பன்னிரண்டு ரூபாய் மட்டும் நன்றாக நினைவிருக்கிறதாம்.

மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். இறங்கிப் போய்க் கொடுத்துவிடுகிறேன்.