நம் தெருவுக்குப் பின்னால் ஓடும் கால்வாய்

(மழைக்காலத்துக்கு முன் நடந்த மஹல்லா குடும்பங்கள் சந்திப்பில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் ஒரு சகோதரர் எழுந்து, "பக்கிங்காம் கால்வாய்க் கரையில் குடிசை போட்டவர்களால்தானே திருவல்லிக்கேணியில் மழைத்தண்ணீர் வடிய மாட்டேன் என்கிறது?" என்று கேட்டார். பலர் தலையசைத்தீர்கள். அன்று நேரமில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இன்று இந்தக் கால்வாயின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

நம்மில் பாதிப்பேர் அதைக் கால்வாய் என்றே நினைப்பதில்லை, சாக்கடை என்கிறோம். அது கூவத்தின் கிளை என்று நினைக்கும் பிள்ளைகளும் உண்டு. இல்லை, அது மனிதன் வெட்டியது. வாலாஜா பெரிய பள்ளிவாசல் கட்டப்பட்டது 1795ல். அன்று பள்ளிக்கும் கடலுக்கும் நடுவே இப்படி ஒரு கால்வாய் கிடையாது.

முதலில் வெட்டியது நம் பக்கம் அல்ல, வடசென்னையில். பாசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி 1801ல் தொடங்கி, சென்னையிலிருந்து எண்ணூர் வரை சுமார் 11 மைல் வெட்டினார். பிறகு அது பழவேற்காடு வரை நீண்டது. படகுக்குச் சுங்கம் வாங்கிச் சம்பாதிக்கலாம் என்பது அவர் கணக்கு. 1837ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. ரயிலில் போகும்போது பேசின் பிரிட்ஜ் என்று கேட்கிறோமே, அந்த 'பேசின்' படகுகள் ஒதுங்கி நின்ற நீர்த்தேக்கம்தான்.

வடக்கே ஒரு கால்வாய், அடையாற்றுக்குத் தெற்கே இன்னொன்று. நடுவில் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே சுமார் 8 கிலோமீட்டர் இணைப்பு இல்லை. அந்த நடுத்துண்டுதான் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, ஐஸ் ஹவுஸ், மயிலாப்பூர் வழியாகப் போகும் நம் கால்வாய். அது எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று கேளுங்கள்.

1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுதான். கிராமங்கள் காலியாகி ஜனங்கள் சென்னையை நோக்கி நடந்தார்கள். சும்மா கஞ்சி ஊற்றினால் சோம்பேறியாகி விடுவார்கள் என்பது அன்றைய சர்க்காரின் எண்ணம். ஆகவே வேலை செய்தால்தான் கூலி. 1877 ஜனவரியில், ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியின் யோசனைப்படி, மாகாணத்தின் நிவாரண வேலைகளில் ஓர் ஆணுக்கு நாள் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் என்று குறைத்தார்கள். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. நாள் முழுக்க மண் சுமப்பவனுக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் கூலியைக் கொஞ்சம் ஏற்றினார்கள்.

அந்தப் பஞ்ச நாட்களில், 1877-78ல், பசித்த மக்களை வைத்து வெட்டியதுதான் நம் தெருவுக்குப் பின்னால் இருப்பது. வேலை முடிந்ததும் அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். வெட்டினவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

பிறகு அதற்கு நல்ல காலம் வந்தது. ஆந்திராவின் பெத்தகஞ்சாம் முதல் தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர், கடலை ஒட்டியே நீர்வழி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சவுக்கு விறகு, வடக்கேயிருந்து உப்பு, சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல், நெல் எல்லாம் படகில் வந்தன. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கரையில் ஆட்கள் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள். என் அத்தா சிறுவனாக இருந்தபோது, விறகுப் படகு வந்துவிட்டது என்று கேட்டால் வீட்டில் அவரைத்தான் ஓட விடுவார்களாம். விலை பேசத் தெரியாமல் ஈர விறகு வாங்கி வந்து உதை பட்டதைக் கடைசி வரை சொல்லிச் சிரிப்பார்.

1965, 66 புயல்களில் கால்வாய் பல இடங்களில் சேதமாகித் தூர்ந்தது. அதற்குள் லாரியும் ரயிலும் சரக்கை வாங்கிக்கொண்டன. படகு நின்றதும் தூர் வாருவதும் குறைந்தது. நகரத்தின் கழிவுநீர் குழாய் குழாயாக அதில் இறங்கியது. அடுத்து பறக்கும் ரயில் வந்தது. 1995ல் சேப்பாக்கம் வரையும், 1997ல் மயிலாப்பூர் வரையும் ஓடத் தொடங்கியது. நிலம் கையகப்படுத்தும் சிரமம் இல்லாத இடம் என்று கால்வாய்க்குள்ளேயே தூண்களை இறக்கினார்கள். சுமார் 25 மீட்டர் இருந்த அகலம் சில இடங்களில் 10 மீட்டருக்கும் கீழே போனது. திருவல்லிக்கேணி ஸ்டேஷன் நடைமேடையில் நின்று கீழே பாருங்கள், விளக்கமே வேண்டாம். அதே ரயிலில்தான் நானும் போகிறேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு காரணம் முகத்துவாரம். கூவமும் அடையாறும் கடலில் சேரும் வாயை மணல் அடைத்துக்கொண்டால், இரண்டையும் இணைக்கும் நம் கால்வாய்த் தண்ணீர் எங்கே போகும்? தேங்கித்தான் நிற்கும்.

ஆக சகோதரரே, குடிசையிலிருந்தும் குப்பை விழுந்தது, மறுக்கவில்லை. ஆனால் தூண் நட்டது குடிசைக்காரர் அல்ல, கழிவுநீர்க் குழாயை இறக்கியதும் அவரல்ல. நம் மாடி வீட்டுக் கழிவு எங்கே இறங்குகிறது என்று நாமே விசாரித்ததில்லை. கல்யாண மண்டபத்து இலையும் பிளாஸ்டிக் டம்ளரும் இரவில் எங்கே கொட்டப்படுகின்றன என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் சிலருக்குத் தெரியும்.

சென்னையில் நீர்க்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தூரத்தில் குடியேற்றினார்கள். நம் மஹல்லாவிலிருந்தும் குடும்பங்கள் போயின. வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு சகோதரி இப்போது வர இரண்டு பஸ் மாற வேண்டும், பாதிச் சம்பளம் வழியிலேயே போகிறது என்று அழுதார். அவர்கள் போன பிறகும் போன மழையில் முழங்கால் தண்ணீர் நின்றதே!

2004 சுனாமியில் இந்தக் கால்வாய் ஆந்திரக் கரையில் பல மைல் தூரத்துக்குக் கடல்நீரை உள்வாங்கி ஊர்களைக் காத்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இடம் விட்டிருந்தால் அது நமக்கும் உதவும்.

நம் தெருக்களின் மழைநீர் வடிகால்கள் கால்வாயில் சேரும் வாய்களை இளைஞர்கள் அடுத்த ஞாயிறு லுஹருக்குப் பிறகு நடந்து பார்த்துக் குறித்து வருகிறார்கள். அடைத்திருப்பவற்றைப் பட்டியலிட்டு மாநகராட்சிக்கு எழுத்தில் கொடுப்போம். பெரும்பாக்கத்திலிருந்து இன்னமும் நம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்துபோகும் பிள்ளைகள் இருந்தால், பெயரை அலுவலகத்தில் கொடுங்கள். கல்வி உதவிப் பட்டியலில் முதலில் அவர்களைச் சேர்க்க நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது.