வென்றவரை வென்ற மொழி



வாளால் ஒரு நாட்டை வென்றவர்கள், பின்னர் அந்நாட்டின் மொழியிடமும் கவிதையிடமும் தோற்றுப்போவது உண்டா? உண்டு என்பதற்கு இடைக்கால அயர்லாந்து சான்று தருகிறது. அந்த வரலாற்றில் புலவர்களுக்கு இருந்த பங்கு பெரிது. ஆதலின் கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் அதனை எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

கி.பி. 1166-இல் லென்ஸ்டர் அரசன் டெர்மட் மக்முரோ தன் நாட்டை இழந்தான். இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றியின் இசைவைப் பெற்று, வேல்ஸ் நாட்டில் வாழ்ந்த நார்மானியப் பிரபுக்களைத் துணைக்கு அழைத்தான். 1169-இல் அவர்களுடைய முதற்படை அயர்லாந்தின் தென்கிழக்குக் கரையில் இறங்கியது. மறு ஆண்டில் ஸ்ட்ராங்போ என்னும் பிரபு வாட்டர்ஃபோர்டு நகரைக் கைப்பற்றி, டெர்மட்டின் மகள் ஈஃபாவை மணந்தான். 1171-இல் மன்னன் ஹென்றியே நேரில் வந்து தன் மேலாட்சியை நிறுவினான். துணைக்கு வந்தவர்கள் நிலத்துக்கு உரியவர்களாயினர், கோட்டைகள் எழுந்தன.

வந்தவர்கள் அந்நாட்டு மக்களை மதித்தவர்கள் அல்லர். படையெடுத்த குடும்பங்களுக்கு உறவினரான வேல்ஸ் நாட்டு ஜெரால்டு என்னும் சமயகுரு, ஐரிஷ் மக்களை நாகரிகமற்றவர்கள் என்றே எழுதினார். ஆயினும் அவர்கள் யாழிசைக்கும் திறத்தை மட்டும் அவரால் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. கலையின் வழியே பகைவர் நெஞ்சிலும் ஒரு வாயில் திறந்திருந்ததை இது காட்டுகிறது.

மாற்றம் தொட்டிலில் தொடங்கியது. பிள்ளைகளை வேறொரு குடும்பத்தாரிடம் வளர்க்கக் கொடுப்பது ஐரிஷ் மக்களின் தொன்மையான வழக்கம். செவிலியின் மடியும், உடன்வளர்ந்தாரின் அன்பும் குருதி உறவினும் வலியவை என்று அவர்கள் கருதினர். நார்மானியரும் இவ்வழக்கத்தை மேற்கொண்டனர். ஐரிஷ் குடும்பங்களில் பெண் எடுத்தனர், பெண் கொடுத்தனர். பிரெஞ்சு பேசியோரின் பேரர்கள் ஐரிஷ் மொழியில் மழலை பேசினர். பெயர்களும் மாறின. பெர்மிங்ஹாம் குடும்பத்தார் மக் ஃபியோரிஷ் ஆயினர். 1333-இல் அல்ஸ்டர் பிரபு வில்லியம் டி பர்க் கொலையுண்டபின், அவருடைய ஆண்வழி உறவினர் மேற்கு நாட்டு நிலங்களைத் தமதாக்கிக்கொண்டு, மக் வில்லியம் என்னும் ஐரிஷ் பட்டத்தோடு குலத்தலைவர்களாக விளங்கினர்.

தலைவன் என்றால் அவனைப் பாடப் புலவன் வேண்டும். ஐரிஷ் புலவர்கள் பரம்பரையாகக் கவிதைத் தொழில் பயின்றவர்கள். அசைகளை எண்ணி அமைக்கும் கடுமையான யாப்பில் பாடியவர்கள். நார்மானியப் பிரபுக்களும் அவர்களுக்குப் புரவலராயினர். பதினான்காம் நூற்றாண்டின் பெரும்புலவர் கொஃப்ரி ஃபின் ஓ டாலி இரு சாராரையும் பாடினார். ஐரிஷ் தலைவர்களுக்கு நாட்டாட்சியை வாக்களித்துப் பாடுவது புலவர் வழக்கமே. அதனைப் பெரிதாக எண்ண வேண்டா என்று நார்மானியப் பிரபு ஒருவரிடமே பாட்டில் சொன்னவர் அவர். பரிசிற்பாட்டின் பெருமையையும் சிறுமையையும் அவர் ஒருங்கே உணர்ந்திருந்தார் எனலாம்.

இம்மாற்றம் ஆட்சியாளரை அஞ்சச் செய்தது. 1366-இல் கில்கென்னி நகரில் கூடிய மன்றம் சட்டம் ஒன்றை இயற்றியது. ஆங்கிலக் குடியினர் ஐரிஷ் மொழி பேசலாகாது. ஐரிஷ் மக்களோடு மணவுறவு கூடாது. அவர்களிடம் பிள்ளைகளை வளர்க்கக் கொடுக்கலாகாது. ஐரிஷ் பாணரும் புலவரும் கதை சொல்வோரும் ஆங்கிலேயரிடையே வரலாகாது. அவர்கள் உளவு பார்ப்பவர்கள் என்றது சட்டம். ஐரிஷ் மொழி பேசுவோரின் நிலங்கள் கைப்பற்றப்படும் என்றும் எச்சரித்தது. ஆங்கிலத்தைக் காக்க எழுந்த அச்சட்டம் எழுதப்பட்ட மொழியோ பிரெஞ்சு!

அடுத்த ஆண்டு, 1367-இல், மன்னரின் பெயரால் அயர்லாந்தை ஆளும் தலைமைப் பதவி டெஸ்மண்டின் மூன்றாம் பிரபு ஜெரால்டு ஃபிட்ஸ்ஜெரால்டிடம் வந்தது. சட்டத்தைச் செயற்படுத்த வேண்டியவர் அவரே. ஆனால் அவர் ஐரிஷ் மொழியில் கவிதை இயற்றிய கவிஞர்! 1370-இல் ஓ பிரையன் குலத்தலைவன் அவரைப் போரில் சிறைப்பிடித்தான். சிறையிலிருந்தும் அவர் பாடினார். பெண்களைப் பழிப்போரைக் கடிந்து பாடிய பாடலும் அவருடையதாகப் போற்றப்படுகிறது. ஃபெர்மாய் நூல் என்னும் ஏட்டுத்தொகுதியில் அவர் பாடல்கள் ஏறத்தாழ முப்பது காணக் கிடைக்கின்றன. அதே ஜெரால்டு, 1388-இல் தம் மகன் ஜேம்சை ஓ பிரையன் குடும்பத்தில் வளர்க்கக் கொடுக்க மன்னரிடமே அனுமதி பெற்றார். தம்மைச் சிறைப்பிடித்த குலத்திடமே மகனை ஒப்படைத்தார் என்பது எண்ணத்தக்கது.

1495-இல் கில்கென்னிச் சட்டம் மீண்டும் உறுதி செய்யப்பட்டபோது, ஐரிஷ் மொழியைத் தடுக்கும் பகுதி மட்டும் விலக்கப்பட்டது. சட்டம் மொழியிடம் தோல்வியை ஒப்புக்கொண்டது என்றே கொள்ளலாம்.

இதனை இனிய கதையாக மட்டும் காண்பது முறையன்று. நிலம் இழந்த குடிகளுக்கு அந்நிலம் திரும்பவில்லை. ஒரே மொழி பேசியோர் தமக்குள் போரிடுவதை நிறுத்தவுமில்லை. நகரங்களிலும் டப்ளினைச் சூழ்ந்த பகுதியிலும் ஆங்கில வழக்கங்கள் நிலைத்திருந்தன. கவிதை பகையை ஒழித்துவிடவில்லை. ஆனால் பகைவர்க்கும் பொதுவான ஒரு மொழியைத் தந்தது.

அப்பொதுமையின் பயன் பதினேழாம் நூற்றாண்டில் தெரிந்தது. புதிய ஆங்கிலக் குடியேற்றம் பழைய குடிகள் இருவரையும் நெருக்கியபோது, நார்மானிய வழிவந்த ஜெஃப்ரி கீட்டிங் என்னும் சமயகுரு, 1634-ஐ ஒட்டி அயர்லாந்தின் வரலாற்றை ஐரிஷ் உரைநடையில் எழுதி முடித்தார். படையெடுத்து வந்தோரின் உறவினரான வேல்ஸ் நாட்டு ஜெரால்டு அந்நாட்டின்மேல் சுமத்திய பழியை, படையெடுத்து வந்தோரின் வழித்தோன்றல் ஒருவரே மறுத்தார். பழங்குடியினரையும் நார்மானிய வழியினரையும் அயர்லாந்தினர் என்னும் ஒரே பெயரால் சுட்டினார். அதே மரபில் வந்த கெரிப் பகுதிக் கவிஞர் பியர்ஸ் ஃபெரிட்டர் ஐரிஷ் மக்களோடு நின்று போரிட்டு, 1653-இல் கில்லார்னியில் தூக்கிலிடப்பட்டார். அவர் முன்னோர் வந்தது நிலத்தைக் கொள்ள. அவர் உயிர் நீத்தது அந்நிலத்திற்காக.

புரவலர் வீழ்ந்தபோது புலவர் பள்ளிகளும் வீழ்ந்தன. பிரபுக்களின் கூடத்தை மட்டும் நம்பிய கவிதை, அக்கூடம் இடிந்தபோது தானும் நலிந்தது. இதுவும் கவிஞர்கள் மறக்கலாகாத பாடம்.

பரிசில் கொடுத்துத் தன் புகழைக் கேட்டிருந்தவரையில் நார்மானியப் பிரபு வேற்றவரே. கேட்டவர் தாமே பாடத் தொடங்கியபோது அந்நாட்டவர் ஆனார். ஜெரால்டு 1398-இல் மறைந்தார். ஆனால் அவர் இறக்கவில்லை, லிமெரிக் பகுதியிலுள்ள குர் ஏரியின் அடியில் உறங்குகிறார், ஏழாண்டுக்கு ஒருமுறை குதிரை ஏறி வெளிவருவார் என்று ஐரிஷ் மக்கள் கதை சொல்லிவந்தனர். ஆண்டவர்கள் பலரை மறந்த மக்கள், தம் மொழியில் பாடிய ஒரு வந்தேறியின் பேரனைத் தம் ஏரியின் அடியில் உயிரோடு வைத்துக்கொண்டனர்.