வயல் நண்டும் ஊர் விருந்தும்



தஞ்சைத் தரணியின் விருந்து என்றவுடன் வாழையிலையும் வடை பாயசமும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்நெல்லை விளைவிக்கும் உழவர் குடிகளுக்கும் தமக்கென ஒரு விருந்து உண்டு. அது நண்டு ரசம்.

கல்லணைக்கும் தஞ்சைக்கும் இடையே உள்ள பூதலூர் வட்டாரத்தில், வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் வரப்பு வளைகளில் நண்டுகள் நடமாடத் தொடங்கும். அவை இளநாற்றைக் கத்தரிக்கும். வரப்பைத் துளைத்து நீரை வடித்துவிடும். வயலில் உழவனுக்குப் பகையான நண்டு, அடுப்பில் அவனுக்கு உணவாகிறது.

பலருக்குச் சமைக்கும் முறையைக் கேளுங்கள். உயிருள்ள நண்டையே கொள்ள வேண்டும். செத்த நண்டு விரைவில் கெடும். சேறு போகப் பலமுறை அலசி, ஓட்டையும் செவுளையும் நீக்கி, காலும் உடலும் உரலில் இட்டு இடித்து, நீர் விட்டு வடிகட்டுவார்கள். அச்சாற்றுடன் புளி, மிளகு, சீரகம், பூண்டு சேர்த்து அண்டாவில் நன்றாகக் கொதிக்கவிடுவார்கள். முழு நண்டாகப் பரிமாறினால் சிலருக்கே போதும். சாறாக்கினால் ஒரு தெருவுக்கே போதும். இல்லாமையிலும் பகிர்ந்துண்ணக் கண்ட வழி இது.

கொதியில் அவசரம் கூடாது. சரியாக வேகாத நன்னீர் நண்டின் வழியே நுரையீரலைப் பற்றும் புழுவொன்று, மணிப்பூர் முதலிய வடகிழக்கு மாநிலங்களில் நோய் விளைத்திருக்கிறது.

கடல் கடந்து அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைப் பாருங்கள். அங்கும் நெல் விளைகிறது. நண்டுக்கு உறவான நன்னீர்ச் சிங்கிறாலை அதே வயலில் வளர்க்கிறார்கள். பெரிய கொப்பரையில் காரப் பொடியிட்ட நீரைக் கொதிக்கவைத்து, உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் இறாலும் வேகவைத்து, செய்தித்தாள் விரித்த நீண்ட மேசையில் கொட்டுவார்கள். சுற்றமும் நட்பும் சூழ நின்று கையாலேயே உண்பார்கள். ஒரு காலத்தில் ஏழையின் தீனி என்று இகழப்பட்ட அந்த உயிரினத்தை, 1983-இல் அம்மாநிலம் தன் சின்னங்களுள் ஒன்றாகவே ஏற்றது.

நம்மிடையேயோ, வீட்டில் நண்டு ரசம் என்று சொல்லக் கூசும் மாணவர் உண்டு. உழைப்பவரின் உணவை இழிவென்பது உழைப்பையே இழிவென்பதாகும். தந்தையும் தாயும் சேற்றில் நின்று கொணர்ந்த உணவுக்கு நாணுதல் கல்விக்கு அழகன்று.

மற்றொன்றும் எண்ணுங்கள். கொதிநீர் கிருமியைக் கொல்லும். ஆனால் வயலில் தெளித்த பூச்சிமருந்தைப் போக்கிவிடும் என்று நம்ப முடியாது. மருந்தடித்த வயலின் நண்டு அண்டாவுக்கு ஆகாது. அவ்வயலின் நீரோ வாய்க்காலில் வடிந்து அடுத்தவர் நிலத்துக்கும் செல்கிறது. ஆகவே, எம்மருந்தை, எவ்வளவு, எப்போது இடுவது என்பதை அளந்தறிந்து செய்வது கற்ற பிள்ளைகளாகிய உங்கள் பொறுப்பு.

நண்டை உண்பதும் உண்ணாததும் அவரவர் விருப்பம். உண்பவரை இகழாதிருப்பதும், அவர் உண்ணும் வயலை நஞ்சாக்காதிருப்பதும் நம் அனைவரின் கடமை.