கம்பம் பள்ளத்தாக்கின் பொங்கல் விருந்து

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பது பொருள். பின்னர் அச்சொல் புதியராய் நம் இல்லம் வருவோரைக் குறித்தது. அதன்பின் அவர்க்குப் படைக்கும் உணவையும் குறிக்கலாயிற்று. ஆகவே, உற்றாரையும் நண்பரையும் கூட்டி உண்பதோடு விருந்தின் பொருள் நிறைவுறுவதில்லை. முன்பின் அறியாத ஒருவருக்கும் நம் பந்தியில் இடம் உண்டு என்பதே அதன் உட்கருத்து. இக்கருத்தைக் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் ஆண்டுதோறும் தைத் திங்களில் செயலில் காட்டி வருகின்றனர்.

தேனி மாவட்டத்தில் பாலார்பட்டி என்றோர் உழவர் ஊர் உண்டு. ஜனவரி 15-ஆம் நாள் அவ்வூர்ப் பெண்கள் பானைகளை ஏந்தி வந்து, அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கின்றனர். தைப் பொங்கல் நாளோ அதன் மறுநாளோ அமையும் அந்நாள், ஜான் பென்னிகுயிக் என்னும் ஆங்கிலப் பொறியாளர் பிறந்த நாளாகும். 1841-இல் புனே நகரில் பிறந்து, 1911-இல் இங்கிலாந்தில் மறைந்தவர் அவர். மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட ஒருவரைத் தம் வீட்டுப் பெரியவராகக் கருதி, அவர் படத்தின் முன் பொங்கலைப் படைத்துவிட்டுப் பின்னரே ஊரார் உண்கின்றனர்.

இதற்குக் காரணம் யாது? மேற்கே அரபிக் கடலை நோக்கி ஓடிய பெரியாற்றை மலைமேல் தடுத்து நிறுத்தி, ஏறத்தாழ 5,700 அடி நீளத்திற்கு மலையைக் குடைந்து, நீரைக் கிழக்கே திருப்பிய பெரும்பணி அவர் தலைமையில் நடந்தது. 1886-இல் திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை ஏற்பட்டது. 1887-இல் தொடங்கிய அணை வேலை 1895-இல் நிறைவெய்தியது. காட்டிலே காய்ச்சலுக்கு இரையான தொழிலாளர் பலர். அந்நீரால் இன்று கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைகிறது. லோயர் கேம்ப்பில் 2013-இல் அப்பொறியாளருக்கு மணிமண்டபமும் எழுந்தது. எனினும், மண்டபத்தைக் காட்டிலும் மண்பானையே மூத்த நினைவுச் சின்னம் என்று சொல்லத் தோன்றுகிறது.

இனி, அப்பானைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு பங்கு பச்சரிசிக்குக் கால் பங்கு பாசிப்பருப்பு, இரண்டு பங்கு வெல்லம் என்பது பல வீடுகளில் வழங்கும் அளவு. அரிசி களைந்த நீரோடு சிறிது பாலும் சேர்த்து உலையேற்றி, அது பொங்கி வழியும்போது பெண்கள் குலவையிடுவர். அதன் பின்னரே அரிசியும் பருப்பும் பானைக்குள் இடப்படும். இரண்டும் குழைய வெந்த பிறகே வெல்லப்பாகை வடிகட்டிச் சேர்த்தல் வேண்டும். முந்திச் சேர்த்தால் அரிசி விறைத்து நின்றுவிடும். இறக்கும் தறுவாயில் நெய்யில் வறுத்த முந்திரியும், பொடித்த ஏலக்காயும் சேரும். ஏலத்தை முன்னரே இட்டால் மணம் ஆவியோடு போய்விடும். நூறு பேருக்குச் சமைக்க நேர்ந்தால், ஒரே பெரிய பானையில் பொங்காமல் நான்கைந்து பானைகளாகப் பகிர்ந்து பொங்குதல் நலம். அடி பிடிக்காது, பணியும் பலர் கைக்குப் பங்காகும்.

இப்பொருள்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள். அரிசி பள்ளத்தாக்கின் வயலில் விளைந்தது. அதை விளைவித்த நீரோ மலைக்கு அப்பால் பெய்த மழை. ஏலக்காய் இடுக்கி மலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி, போடிநாயக்கனூர் ஏலச் சந்தைக்கு வருவது. அதே மலைப்பாதையில் இங்கிருந்து காய்கறியும் வாழை இலையும் மேலேறுகின்றன. ஓணத்திருநாளில் கேரளத்து இல்லங்களில் விரியும் இலைகளிலும், அதில் பரிமாறும் கறிவகைகளிலும் தேனி உழவரின் உழைப்பு உண்டு. மலையின் இருபுறத்தாரும், தாம் அறியாமலே, ஒருவர்க்கொருவர் விருந்தினராகவும் விருந்தளிப்போராகவும் விளங்குகின்றனர்.

2011 டிசம்பரில் அணை குறித்த பிணக்கு முற்றியபோது, குமுளி வழிப் போக்குவரத்து தடைப்பட்டது. ஏலத்தோட்ட வேலைக்கு நாள்தோறும் சென்று திரும்பிய பெண்கள் செல்ல இயலாது வீட்டில் தங்கினர். காய்கறி வண்டிகள் நின்றன. இருபுறத்து அடுப்புகளும் எத்துணை நெருக்கமாகப் பிணைந்தவை என்பதை அந்நாள்கள் யாவர்க்கும் உணர்த்தின. நீரின் அளவைப் பற்றிய வழக்கு நீதிமன்றத்திற்கு உரியது. அடுத்த வீட்டாரோடு உண்ணும் உறவு நமக்கு உரியது. முன்னது நீடிக்கிறது என்பதற்காகப் பின்னதை முறித்துக்கொள்ள வேண்டுவதில்லை.

விருந்தளிப்போர் சிலவற்றை மனத்தில் கொள்வது நன்று. இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் அமைய வேண்டும். கேட்குமுன் பரிமாற வேண்டும். ‘போதும்’ என்று கை மறித்தவரை மேலும் வற்புறுத்தி இலையில் வீணாக்கலாகாது. இம்முறைகளை நாம் அறிவோம். ஆனால், விடியற்காலை முதல் புகையில் நின்றவர்கள் கடைசிப் பந்தியில் ஆறிய சோற்றை உண்பதை மட்டும் முறையென்றே விட்டுவிடுகிறோம். வீட்டுப் பெண்களாயினும், கூலிக்குச் சமைக்க வந்தவராயினும், அவர்க்கும் சூடு ஆறுமுன் இலை போட்டு, வீட்டுக்காரரே பரிமாறுதல் வேண்டும். அணையைக் கட்டி மாண்ட தொழிலாளருள் பலருக்குப் படமும் இல்லை. பெயரும் ஊரார் அறியார். பொறியாளரின் படத்தின் முன் வைக்கும் பொங்கலில் அவர்களுக்கும் பங்குண்டு என்று கொள்வதே அறமாகும்.

விருந்தளிப்பவன் எவனும் முதலில் பிறர் தந்ததை உண்டவனே. மழை தந்தவரை வாழ்த்தலாம். வழி தந்தவரையும், வாய்க்கால் வெட்டியவரையும், அடுப்படியில் வியர்த்தவரையும் மறவாதிருக்கலாம். அடுத்த தைத்திருநாளில் உங்கள் இல்லத்துப் பானை பொங்கும்போது, பந்தியில் ஓர் இலையைக் கூடுதலாக விரித்து வையுங்கள். அதில் அமர வேண்டியவர் அண்டை வீட்டாராக இருக்கலாம். மலைக்கு அப்பாலிருந்து வந்தவராகவும் இருக்கலாம்.