சட்டம் படிக்கும் பிள்ளையும் ஆங்கிலமும்

பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலும் நம் பிள்ளைகள் சட்ட ஆங்கில வகுப்பில் சோர்வதேன்? தெரிந்த சொல்லே அங்கு வேறு பொருள் தருகிறது. 'கன்சிடரேஷன்' என்றால் பொது வழக்கில் பரிவு. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலோ, ஒரு வாக்குறுதிக்கு ஈடாகக் கிடைப்பது. அது இல்லாத ஒப்பந்தம், சில விலக்குகள் நீங்கலாக, செல்லாது. பால்மரம் வெட்டும் உழைப்புக்கு ஈடு சம்பளம் என்று விளக்கினால் சொல் மனத்தில் பதியும், ஆர்வமும் பிறக்கும்.

ஆகவே ஆசிரியர்களாகிய நாம் வெறும் இலக்கணத்தோடு நில்லாமல், வேலை ஒப்பந்தத்தையே பாடமாக்குவோம். பெற்றோர்களே, விடுமுறையில் வரும் பிள்ளையிடம், "இன்னுமா இங்கிலீஷ் வரவில்லை?" என்று கேட்காதீர்கள். "என்ன வழக்குப் படித்தாய்? எங்களுக்குத் தமிழில் சொல்" என்று கேளுங்கள். நமக்கு விளங்கச் சொல்லப் பழகிய பிள்ளைக்கு, நீதிபதி முன் பேசும் துணிவும் வரும்.