பீலித் தண்ணி கலங்கினால்

பயிற்சி முடித்துச் செல்லும் இளம் ஆசிரியர்களே,

இந்தப் பத்தனையிலிருந்து சற்றுத் தள்ளித் தலவாக்கலையில் ஓடும் கொத்மலை ஓயா, மகாவலியில் கலந்து திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடல் சேர்கிறது. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் களனியாகிக் கொழும்பின் குழாய்களுக்குப் போகின்றன. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்தின் திறன் 150 மெகாவாட். நாட்டுக்கு நீரும் வெளிச்சமும் அனுப்பும் மலை இது. இந்த நீரை அளக்கவும் காக்கவும் இங்குள்ள பிள்ளைகளுக்கு யார் கற்றுக்கொடுப்பது?

கனடாவின் லாப்ரடோரில் தங்கள் நிலத்தையும் நீரையும் காக்க இன்னு பழங்குடிச் சமூகமே முன்னிற்கிறது. சர்ச்சில் ஆற்றை மறித்து நீர்மின் நிலையம் கட்டியபோது, அவர்களைக் கேட்காமலே அவர்களின் வேட்டை நிலங்களை வெள்ளம் மூடியது. மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றும்போது பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரிவதைப் பார்த்த உங்களுக்கு அந்த வலியை விளக்க வேண்டியதில்லை.

மலையகத் தமிழராகிய நாம் இம்மலையின் ஆதிக்குடிகள் அல்லோம். 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமையின் சிக்கல் பெருமளவு தீரவே 2003 ஆயிற்று. குடியிருக்கும் காணி இன்றும் பலருக்குச் சொந்தமில்லை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தும் கான் வெட்டியும் இந்தச் சரிவுகளைக் காலால் அறிந்தவர்கள் நம்மவர்கள். தேயிலைச் செடியை ஆராய 1925இல் ஒரு நிறுவனம் எழுந்தது. அந்தச் செடிக்கிடையே வாழும் மக்களின் அறிவு போதிய அளவு ஏட்டில் ஏறவில்லை. அந்தக் குறை என்னை உறுத்துகிறது.

2014 ஒக்டோபர் 29, கொஸ்லாந்தை மீரியபெத்த. காலை நேரத்தில் மலை சரிந்து தோட்ட லயன்கள் மண்ணுக்குள் போயின. 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, மக்களோ லயத்தில் இருந்தார்கள். போக வேறு வீடு கொடுக்காமல் போகச் சொன்னதை எச்சரிக்கை என்று ஏற்க என் மனம் மறுக்கிறது.

மலை சரியுமுன் அடையாளம் காட்டும். ஊற்றிலிருந்து தெளிந்து விழும் பீலித் தண்ணி திடீரெனச் செம்மண்ணாய்க் கலங்கும், அல்லது அடியோடு நின்றுபோகும். புதிய இடத்தில் ஊற்று கிளம்பும். காம்பரா நிலத்தில் வெடிப்பு ஓடும், கதவு நிலையில் சிக்கும், மரம் சாயும். இவற்றை உங்கள் அம்மாக்கள் கவனித்திருப்பார்கள். இதோடு மழைமானியையும் சேருங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார், 150 என்றால் உடனே வெளியேற்றம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவுகள் இவை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையால் இதை வாசிக்க முடியும்.

நீங்கள் போகும் பாடசாலையில் ஒரு மழைமானியை நடுங்கள். தினமும் காலையில் ஒரு மாணவர் அளவெடுக்கட்டும், இன்னொருவர் பீலியைப் பார்த்து வரட்டும். பாட்டிமாரை வகுப்புக்கு அழைத்து, எந்தச் சரிவில் எப்போது மண் விழுந்தது என்று சொல்லச் செய்து, அதை வரைபடத்தில் குறியுங்கள். அதன் ஒரு பிரதியைக் கிராம அலுவலரிடமும் இன்னொன்றைத் தோட்டத்துரையிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். மூலப்படியை லயத்தில் எல்லாரும் பார்க்கும் சுவரில் மாட்டுங்கள்.