சாமுகர்ப் போர்க்களம்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதக் கூட்டம் முடிந்தபின், யாம் வாயிற்படியருகே எமது குடையைத் தேடிக்கொண்டிருந்தபொழுது, நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர்க்கும் கல்லூரியிற் பயிலும் இளைஞர் ஒருவர்க்கும் இடையே ஒரு வழக்கு நிகழ்ந்தது. "தாரா ஷுக்கோ மட்டும் அன்று யானையை விட்டு இறங்காதிருந்தால், இந்நாட்டின் தலையெழுத்தே வேறாக இருந்திருக்கும்" என்றார் பெரியவர். "ஒரு பகற்பொழுதில் ஒரு பேரரசின் கதி மாறிவிடுமா, ஐயா? பணமும் படையும் எங்கு மிகுதியோ அங்கே வெற்றி செல்லும், போர்நாள் என்பது கணக்குத் தீர்க்கும் நாள், அவ்வளவே" என்றார் இளைஞர். பின்னர் இருவரும் எம்மை நோக்கி, "பண்டிதர் சொல்லட்டும்" என்றனர். இலக்கணம் கற்பிப்போனிடம் சரித்திர வழக்கைக் கொண்டுவருதல் பொருந்துமோ என்று ஐயுற்றும், மறுக்க மாட்டாமல் ஒரு மாதம் தவணை வாங்கிக்கொண்டோம். அத்தவணை இன்றோடு முடிகின்றது.

முதற்கண் வழக்கின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். ஈண்டுக் குறிக்கும் நாட்கள் யாவும் பழைய ஐரோப்பியப் பஞ்சாங்கப்படி அமைந்தவை. இக்காலக் கணக்கிற்குப் பத்து நாள் கூட்டிக்கொள்க. 1657-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மொகலாயப் பேரரசர் ஷாஜகான் தில்லியிற் கடும் பிணியுற்றார். மும்தாஜ் மகால் வயிற்றிற் பிறந்த மைந்தர் நால்வருள் மூத்தவராகிய தாரா ஷுக்கோ தந்தையின் அருகிலேயே இருந்தார். ஷுஜா வங்காளத்தையும், ஔரங்கசீப் தக்கணத்தையும், முராத் கூர்ச்சரத்தையும் ஆண்டுவந்தனர். மூத்தோனுக்கே முடி என்னும் உறுதியான முறை அக்குலத்தில் இல்லை. பேரரசர் நோய் தெளிந்து எழுந்தாராயினும், அவர் இறந்துபட்டார் என்னும் பொய்ச்செய்தி அவர் எழுமுன்னரே நாடெங்கும் நடந்துவிட்டது. ஷுஜாவும் முராத்தும் தத்தம் ஊரில் முடிசூடிக்கொண்டனர். ஔரங்கசீப்போ முடி சூடாது, முராத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு, ஆரவாரமின்றிப் படை திரட்டினார்.

இளைஞரது கூற்றை முன்னர் ஆராய்வாம். பணமும் படையும் மிக்க பக்கமே வெல்லும் என்பது மெய்யாயின், வென்றிருக்க வேண்டியவர் தாரா. ஆக்ராவின் பொருட்சாலையும் படைக்கலச்சாலையும் அவர் கையில் இருந்தன. பேரரசரது ஆணை அவர் வாயிலாகவே வெளிவந்தது. இராசபுத்திர மன்னருட் பெரியோர் பலர் அவர்பால் நின்றனர். 1658 பெப்ரவரியில், அவர் மைந்தர் சுலைமான் ஷுக்கோ, ஆம்பேர் மன்னர் ஜெய்சிங்கோடு சென்று, காசிக்கு அருகே பகதூர்பூரில் ஷுஜாவின் பாசறையைக் காலைத் துயிலிற் கலைத்து ஓட்டினார். அதுகாறும் கணக்கு இளைஞர் சொன்னபடியேதான் நடந்தது.

அவ்வெற்றியே பின்னர்த் தீங்காய் முடிந்தது. ஓடிய சிற்றப்பனைத் துரத்திக்கொண்டு சுலைமான் முங்கேர் வரை சென்றுவிட்டார். தாராவின் படையிற் சிறந்த பகுதி அவரோடு கிழக்கே நின்றது. அதற்குள், ஏப்ரல் 15-ஆம் நாள், உச்சயினிக்கு அருகே தர்மத் என்னுமிடத்தில் மார்வார் மன்னர் ஜஸ்வந்த் சிங்கை ஔரங்கசீபும் முராத்தும் முறியடித்து வடக்கே வந்தனர். தாரா சம்பல் ஆற்றின் துறைகளிற் பீரங்கிகளை நிறுத்திக் காவல் செய்தார். ஔரங்கசீப் அத்துறைகளை அணுகவேயில்லை. தோல்பூருக்குக் கிழக்கே காவலற்ற துறையொன்றை அறிந்து, கரடுமுரடான வழியில் விரைந்து சென்று ஆற்றைக் கடந்தார். அவ்வழியில் நீர்வேட்கையால் மாண்டோர் பலர். துறையைக் காட்டியவர் புந்தேலத் தலைவராகிய சம்பத் ராய் என்பர். தாரா தம் பெரும் பீரங்கிகளிற் சிலவற்றை ஆற்றங்கரையிலேயே விட்டுத் தலைநகரைக் காக்கத் திரும்பி ஓடிவர நேர்ந்தது. சுலைமான் வரும்வரை பொருதல் வேண்டா என்று தந்தை எவ்வளவோ கூறினார் என்று பெர்னியர் என்னும் பிரெஞ்சு மருத்துவர் எழுதுகின்றார்.

சம்பத் ராயின் பெயரைச் சொன்னமையால் இடையே ஒன்று கூறுதல் வேண்டும். இப்போரை இந்துக்களுக்கும் முகம்மதியர்க்கும் நடந்த போராகப் பேசுவாரை நம் கூட்டங்களிலும் கண்டிருக்கின்றோம். அது பிழை. தாராவுக்காக உயிர் கொடுத்தவருள் ருஸ்தம் கானும் உண்டு, பூந்தி மன்னர் சத்திரசால் ஹாடாவும் உண்டு. ஔரங்கசீபின் பாசறையிலும் இரு சமயத்தாரும் இருந்தனர். தாரா 1657-ஆம் ஆண்டில், காசிப் பண்டிதர் துணைகொண்டு, ஐம்பது உபநிடதங்களைப் பாரசீக மொழியிற் பெயர்த்தவர்; அப்பெயர்ப்பே பின்னர் இலத்தீனுக்குச் சென்று ஐரோப்பாவில் அந்நூல்களை அறிமுகம் செய்தது. ஏடு புரட்டும் எம்மனோர்க்கு அவர்பால் இரக்கம் மிகுவது இயல்பே. நம் பெரியவர் அவர்க்காக வருந்துவதன் காரணமும் அதுவே. ஆயினும் 1653-இல் கந்தகாரை முற்றுகையிட்டு வெறுங்கையோடு மீண்டவரும் இதே தாராதான். எதிரில் நின்ற தம்பியோ கோல்கொண்டாவோடும் பீஜப்பூரோடும் பொருது பழகிய படையோடு வந்தவர்.

இனிக் களத்திற்கு வருவாம். சாமுகர் ஆக்ராவுக்குக் கிழக்கே சில கல் தொலைவிலுள்ள சிற்றூர். யமுனைக்கரையை அடுத்த மணற்பாங்கு. இரு திறத்தும் ஏறத்தாழ ஐம்பதினாயிரவர் இருந்தனர் என்பர். மே 28-ஆம் நாள் ஔரங்கசீபின் படை நெடுவழி நடந்து களைத்துச் சோர்ந்து வந்து சேர்ந்தது. தாராவின் படை அணிவகுத்து எதிரே நின்றுகொண்டிருந்தது. தாக்குக என்னும் ஓர் ஆணை பிறந்திருப்பின் அன்றே வழக்கு வேறாய் முடிந்திருக்கலாம். ஆணை பிறக்கவில்லை. கவசம் பூண்ட வீரரும் குதிரைகளும் அக்கோடை வெயிலில் மாலைவரை வறிதே நின்றனர். பலர் வெப்பத்தால் வீழ்ந்து மாண்டனர். பின்னர்ப் பாசறைக்கு மீண்டனர். களைத்து வந்தவர்க்கு ஓர் இரவு ஓய்வு கிடைத்தது. யானையை விட்டு இறங்கிய நாழிகையைப் பெரியவர் பெரிதாக எண்ணுகின்றார். யாம் இந்நாளையே அதனினும் பெரிதாக எண்ணுகின்றோம்.

மறுநாள், 29-ஆம் நாள், நண்பகலிற் போர் மூண்டது. தாராவின் பீரங்கிகள் எட்டாத் தொலைவிலேயே முழங்கத் தொடங்கி, மருந்தையும் குண்டையும் வீணாக்கின. ஔரங்கசீபின் பீரங்கிகள் வாய் திறவாது காத்திருந்தன. எதிரி அஞ்சி அடங்கினான் என்று மயங்கி, இடக்கைப் படைத்தலைவர் ருஸ்தம் கான் தம் குதிரைப்படையோடு பாய்ந்தார். அண்மையில் வந்தபின் அப்பீரங்கிகள் வாய் திறந்தன. அவர் ஒருபுறம் விலகிச் சென்று கைகலந்து பொருது அங்கேயே மடிந்தார்.

வலப்புறத்திலோ இராசபுத்திரர் முராத்தின்மேற் பாய்ந்தனர். முராத்தின் முகத்தில் அம்புகள் தைத்தன. அவர் பாகன் மாண்டான். அம்பாரி முழுதும் அம்பு தைத்து முள்ளம்பன்றி போலாயிற்று. அவர் களிறு பின்வாங்க, இராசபுத்திரர் ஔரங்கசீபின் களிறுவரை வந்துவிட்டனர். ரூப் சிங் ராத்தோர் என்னும் வீரர் குதிரையை விட்டுக் குதித்து, வாளோடு ஓடி, அம்பாரியைப் பிணித்த வாரை அறுக்க முயன்றார். அவ்வாண்மையைக் கண்டு வியந்த ஔரங்கசீப், "அவனைக் கொல்லாது பிடிமின்" என்று கூவினார் என்பர். அதற்குள் அவ்வீரர் துண்டுபட்டு வீழ்ந்தார். தம் களிற்றின் கால்களைச் சங்கிலியாற் பிணிக்குமாறு ஔரங்கசீப் ஆணையிட்டார் என்று பெர்னியர் எழுதுவர்.

இவ்வேளையில் தாரா எங்கே இருந்தார்? நடுப்படையில் நின்று நாற்புறமும் நோக்க வேண்டியவர், ருஸ்தம் கானுக்கு உதவுவான் வேண்டி இடப்புறம் புறப்பட்டார். அவ்வாறு சென்றதனால் தம் பீரங்கிகட்கு முன்னே தாமே வந்துவிட்டார். அவை அதன்பின் சுட வழியில்லாதுபோயின. பாதி வழியில் வலப்புறத்து நெருக்கடி கேட்டு அப்பக்கம் திரும்பினார். சுடுமணலில் இங்குமங்கும் அலைந்து படை நாத்தழும்பி நின்றது. அவர் போய்ச் சேர்வதற்குள் சத்திரசாலும் மற்றை இராசபுத்திரத் தலைவரும் மடிந்திருந்தனர். அப்பொழுதுதான் குண்டுகள் தம் யானையைச் சுற்றி வீழக் கண்டு, அவர் இறங்கிக் குதிரைமேல் ஏறினார். ஆளற்ற அம்பாரியைப் படை கண்டது. தலைவன் மாண்டான் என்று கருதிச் சிதறி ஓடியது.

களிற்றின்மேல் இருக்கும் தலைவனே அக்காலப் படைக்குக் கொடி. 1556-இல் பானிபட்டில் ஹேமுவின் கண்ணில் ஓர் அம்பு தைத்ததும் அவர் படை கலைந்தது. நம் நாட்டிலும், 949-இல் தக்கோலத்தில் இராசாதித்த சோழர் யானைமீதே மாண்டார். கல்வெட்டுக்கள் அவரை ஆனைமேல் துஞ்சினவர் என்றே குறிக்கும்.

கலீலுல்லா கான் என்னும் தலைவர் பழம்பகை மனத்துட்கொண்டு, வஞ்சகமாக தாராவை இறங்கச் செய்தார் என்று பெர்னியர் எழுதினார். அக்கதை நாடெங்கும் பரவிற்று. கலீலுல்லா கான் போர் முடிந்த சில நாளில் வென்றவரைச் சேர்ந்தது மெய்யே. ஆயின் பெர்னியர் அக்களத்தில் இருந்தவர் அல்லர். இருந்தேன் என்று எழுதியவர் மனூச்சி என்னும் வெனிஸ் நகரத்தவர்; தாராவின் பீரங்கிப் படையில் இளைஞராய்ப் பணிபுரிந்த அவர், முதுமையில் நம் சென்னைப் பட்டினத்திற் குடியேறி, மருத்துவராய் வாழ்ந்து, தம் வரலாற்றை எழுதினார். எவ்வாறாயினும், இறங்கிய அந்நாழிகையில் இரு சிறகும் ஒடிந்து, பீரங்கிகளும் ஓய்ந்திருந்தன. ஆளற்ற அம்பாரி தோல்வியை விளைக்கவில்லை. விளைந்த தோல்வியைப் படை முழுதும் ஒருங்கே அறியச் செய்தது. பெரியவர் எம்மைப் பொறுத்தருள்க.

அங்ஙனமாயின், இளைஞர் கூறியதே சரியோ எனின், அதுவும் அன்று. அம்மாலையில் தாரா இழந்தது ஒரு படையையே. சுலைமானின் படை குலையாது கிழக்கே இருந்தது. தந்தை ஆக்ராக் கோட்டையில் இருந்தார். இலாகூரில் வேறு படை திரட்டலாம். பின்னர்த் திரட்டவும் செய்தார். வேற்றரசனோடு நடக்கும் போராயின், இவ்வளவு எஞ்சியவன் இன்னும் பல்லாண்டு பொருதிருப்பான். உடன்பிறந்தார் போர் அத்தகையது அன்று. மொகலாய மன்சப்தார் ஒவ்வொருவர்க்கும் பதவியும் ஜாகீரும் அரியணையிலிருந்து வருவன. அங்கே யார் அமர்ந்தாலும் அவர் கையெழுத்தே வேண்டும். எதிரி அயலான் அல்லன். அதே பேரரசரின் மைந்தன். அவனிடம் செல்பவன் நாட்டை விட்டுச் செல்வதில்லை. வீட்டின் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்கின்றான். தம்மை நம்பிய ஆயிரம் குதிரைவீரர்க்கு மாதச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று அவன் நினைக்கின்றான். சாமுகர் வரை அக்கேள்விக்கு விடை தெரியாமையால், பலர் இருபுறமும் நோக்கி நின்றனர். அன்று மாலை விடை தெரிந்தது.

பின் நடந்தவற்றை விரைந்து கூறுவாம். தாரா இரவு ஆக்ரா சேர்ந்து, நாணத்தால் தந்தையைக் காணாமலே விடியுமுன் தில்லிக்கு ஓடினார். ஔரங்கசீப் கோட்டையை வளைத்து, யமுனையிலிருந்து நீர் கொணரும் வாயிலைக் கைப்பற்றினார். தாஜ்மகாலைக் கட்டிய பேரரசர் கோட்டைக் கிணற்றின் உவர்நீர் குடித்து, ஜூன் 8-ஆம் நாள் கதவைத் திறந்தார். 1666-இல் இறக்கும்வரை அக்கோட்டையிலேயே சிறையிருந்தார். முராத்தை ஜூன் 25-ஆம் நாள் மதுராவுக்கு அருகே விருந்துக்கு அழைத்து விலங்கிட்டனர். ஜூலையில் ஔரங்கசீப் தில்லியில் முடிசூடினார். ஜஸ்வந்த் சிங்கின் நடத்தையைப் பாருங்கள்: தர்மத்தில் தாராவின் பக்கம் பொருதவர், மன்னிப்புப் பெற்று ஔரங்கசீபைச் சேர்ந்தார், 1659 ஜனவரியில் கஜ்வாவில் ஷுஜாவோடு போர் நடக்குமுன் இரவில், அதே ஔரங்கசீபின் பாசறையைக் கொள்ளையிட்டு ஓடினார், பின்னர் தாராவை ஆசைகாட்டி அழைத்து, மார்ச்சு மாதத்தில் அஜ்மீருக்கு அருகே தியோராயில் அவர் காத்திருந்தபொழுது வாராமல் நின்றுவிட்டார். அதற்கு அவரை இசைவித்தவர் ஜெய்சிங். தாரா பின்னர் ஒருகால் தாம் உயிர் காத்த மாலிக் ஜீவன் என்பவனாலேயே பிடிபட்டு, தில்லித் தெருக்களில் இழிந்த யானைமேல் ஊர்வலம் விடப்பட்டு, 1659 ஆகஸ்டு 30-ஆம் நாள் இரவு கொல்லப்பட்டார்.

ஆகலின் எம் தீர்ப்புக்குச் சான்று சாமுகரில் இல்லை. கிழக்கே, சுலைமானின் பாசறையில் உள்ளது. அம்மைந்தர் ஒரு போரிலும் தோற்றவர் அல்லர். சாமுகர்ச் செய்தி ஜூன் மாதத் தொடக்கத்தில் வழியில் அவரை எட்டியது. அச்செய்தி கேட்டதும் ஜெய்சிங்கும் திலீர் கானும் தம் படைகளோடு பிரிந்து ஔரங்கசீபிடம் சென்றனர். எஞ்சியோரும் ஒருவர்பின் ஒருவராய் நழுவினர். எதிரி ஒருவனையும் காணாமலே அப்படை கரைந்தது. சுலைமான் சிலரோடு கடுவால் மலைநாட்டிற் புகலடைந்தார். அங்கிருந்தும் 1660-ஆம் ஆண்டின் இறுதியில் ஒப்படைக்கப்பட்டுச் சிற்றப்பன் முன் நிறுத்தப்பட்டபொழுது, "அபின்நீர் ஊட்டி நாளும் என்னைக் கொல்ல வேண்டா, இப்பொழுதே கொன்றுவிடுக" என வேண்டினாராம். அது கொடுக்கப்படாது என்று வாக்களிக்கப்பட்டது. குவாலியர்க் கோட்டையில் அதுவே கொடுக்கப்பட்டது. 1662-இல் அவர் மாண்டபொழுது அவர்க்கு வயது இருபத்தேழு.